அந்த ஸ்லைட்டில் உள்ள சேர்வர் படத்தை எடுத்துவிடுங்கள்

கொழும்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு வழிகாட்டல் கூட்டம் நடத்தும் பழைய மாணவர் சங்கங்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் வெள்ளவத்தையில் நடந்த இப்படியொரு கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தேன். அக்காவின் மகள் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி கரையில் நிற்கிறது, அதனால் துணைக்குப் போனேன். 'சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்' என்று ஒரு ஸ்லைட் வந்தது. நீல வெளிச்சத்தில் ஒரு சேர்வர் அறை. கீழே, 'ஐ.டி. துறையில் நல்ல வேலைவாய்ப்பு'. அரை நிமிடம்கூட நிற்கவில்லை, அடுத்தது வந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஐயா மகளிடம், "அது கொம்பியூட்டர் திருத்துற வேலை போல" என்றார். பிள்ளை கொப்பியில் எழுதியிருந்த பெயரை வெட்டிவிட்டது.

பதினைந்து வருஷமாக எனக்குச் சோறு போடுவது அந்த சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங்தான். அதனால் இந்த மடல்.

சேர்வரை விடுங்கள், ஒரு லிஃப்டைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு பலமாடிக் கட்டடம், கையளிக்க இரண்டு கிழமை இருக்கிறது. தீ அலாரம் அடித்தால் லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்து கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். சோதனைக்கு அலாரத்தை அடித்தோம். காது கிழிகிறது, லிஃப்ட் பாட்டுக்கு ஒன்பதாம் மாடிக்கு ஏறிப் போகிறது. அலாரம் போட்டவரிடம் 'பாஸ்' அறிக்கை இருந்தது, லிஃப்ட் போட்டவரிடமும் இருந்தது. இரண்டும் உண்மையான அறிக்கைகள். ஆனால் தீ என்றால் அலாரப் பெட்டி தன் ரிலேயை, அதாவது உள்ளே இருக்கும் மின்சுவிட்சை, மூடும். லிஃப்டோ அது திறப்பதைத் தீ என்று எடுத்துக்கொள்ளும். இணைத்த அன்று லிஃப்ட் எப்போதும் தீ என்று நினைத்து அசையவே இல்லை. 'இண்டைக்கு ஓடட்டும், பிறகு பாப்பம்' என்று யாரோ இரண்டு முனைகளையும் ஒரு சிவப்பு வயர்த் துண்டால் பாலம் போட்டு விட்டிருக்கிறார். அந்தப் 'பிறகு' வரவே இல்லை.

அந்த இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் கிடந்த, யாருக்கும் சொந்தமில்லாத இடத்துக்குப் பொறுப்பெடுப்பதுதான் சிஸ்டம்ஸ் எஞ்சினியரிங், தமிழில் முறைமைப் பொறியியல். எது வேண்டும் என்று ஆரம்பத்திலேயே தெளிவாக எழுதுவது, எந்தப் பகுதி எதோடு எப்படிப் பேசும் என்று தீர்மானிப்பது, கடைசியில் முழுவதையும் சேர்த்துச் சோதிப்பது.

பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இன்னும் பெரிய உதாரணம் வேண்டுமா? வெளிநாட்டுப் பாடப்புத்தகம் என்றால் 1999இல் அலகுக் குழப்பத்தால் செவ்வாயில் தொலைந்த விண்கலத்தைச் சொல்லும். நமக்குப் பாணந்துறைக் குரங்கே போதும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுக்க மின்சாரம் போனது என்று அமைச்சர் சொன்னார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி குரங்கைப் பற்றியதல்ல: ஒரு உபநிலையக் கோளாறு ஏன் அந்த உபநிலையத்தோடு நிற்கவில்லை? ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு. நல்ல வெயில், கூரைச் சூரியத் தகடுகள் அள்ளித் தந்துகொண்டிருந்தன. அதனால் ஓடிக்கொண்டிருந்த கனத்த சுழலும் இயந்திரங்கள் சொற்பம். அவை ஓர் அதிர்ச்சியைத் தம் வேகத்தாலேயே கொஞ்ச நேரம் தாங்கும். சூரியத் தகட்டுக்கு அந்தக் கனம் கிடையாது. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன, மறுநாள் முறைபோட்டு மின்வெட்டு வந்தது. தகட்டிலும் பிழையில்லை, நுரைச்சோலையிலும் பிழையில்லை என்று வைத்துக்கொண்டாலும் இருட்டு இருட்டுத்தான்.

சரி, பட்டத்துக்கு வருவோம். பெயரிலேயே குழப்பம். 'கொம்பியூட்டர் சிஸ்டம்ஸ்' என்றால் கணினிப் பக்கம். ஜோர்ஜியா டெக்கில் இருப்பதுபோல 'இன்டஸ்ட்ரியல் அன்ட் சிஸ்டம்ஸ்' என்றால் உற்பத்தி, விநியோகம், புள்ளிவிபரம், உகப்பாக்கம் (இருப்பதை வைத்து ஆகச் சிறந்த வழியைக் கணக்கிடுவது). கனடா வாட்டர்லூவில் உள்ளது 'சிஸ்டம்ஸ் டிசைன்'. எல்லாவற்றையும் ஒரே ஸ்லைட்டில் அடக்கினால் பாவம் அந்தப் பிள்ளைகள்.

பத்தொன்பது வயதில் இதையே முதற் பட்டமாகப் படிக்கலாமா என்று மருமகளும் கேட்டாள். நான் மின் பொறியியல் படித்து, இதை வேலையில் பழகினவன்; என் பக்கச்சாய்வு அது. முதலில் ஒரு துறையில் கை அழுக்காக வேண்டும் என்பது என் எண்ணம். இந்தத் தொழிலின் சர்வதேச அமைப்பான இன்கோசி (INCOSE) கூட முதல்நிலைச் சான்றிதழுக்கு அனுபவம் கேட்பதில்லை, அடுத்ததற்குக் குறைந்தது 5 வருஷம் கேட்கிறது. ஆனாலும் நிகழ்தகவு, நேரியல் அட்சரகணிதம், கட்டுப்பாட்டியல், உருவகப்படுத்தல் எல்லாம் உறுதியாகப் படிப்பித்து, வருஷாவருஷம் குழுவாக எதையாவது கட்டவைக்கும் பட்டம் என்றால் தாராளமாகப் போகலாம். முகாமைத்துவப் பாடங்களுக்கு எஞ்சினியரிங் சட்டை போட்டுவிட்டதென்றால் வேண்டாம். அதைக் கண்டுபிடிக்க இரண்டாம் வருஷப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள், வண்ணப் புத்தகத்தை அல்ல.

பெற்றோருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் முழு உறுப்பினரானது. அந்த அங்கீகாரம் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு இல்லை, ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனி. காணியை ஈடு வைத்துக் காசு கட்டும் முன் அந்தப் பட்டத்தின் பெயர் அங்கீகரிக்கப்பட்ட பட்டங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மொறட்டுவையிலோ பேராதனையிலோ கிளிநொச்சியில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ மின்னியலோ குடிசாரோ கிடைத்த பிள்ளைக்கும் இந்தக் கதவு மூடிவிடவில்லை.

அடுத்த கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் தாருங்கள். சனி பின்னேரம் என்றால் எந்தச் சனியும் வசதி. ஸ்லைட் வேண்டாம். அந்தச் சிவப்பு வயர்த் துண்டு இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது, கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
பின்வரிசையில் இருந்த மாமா
வெள்ளவத்தை