நத்தாரை எண்ணும் பேணிகள்

திருகோணமலை

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

மூன்றாம் தவணை நிறைவடையும் இவ்வேளையில் உங்கள் அனைவருக்கும் எனது வணக்கம். தமிழ்த்தினப் போட்டிகளிலும் விளையாட்டிலும் எமது மாணவர்கள் இவ்வாண்டும் நற்பெயர் ஈட்டினர். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றியவர்களும் அவர்களை ஆயத்தப்படுத்திய ஆசிரியர்களும் பாராட்டுக்குரியவர்கள். மழைக்கு முன்பாகவே வளவைத் துப்புரவு செய்து தந்த பெற்றோருக்கும் நன்றி.

இனி, வகுப்பறைகளில் வைக்கப்பட்டுள்ள பிஸ்கட் பேணிகளைப் பற்றி எழுத வேண்டியுள்ளது. நத்தாருக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு மறுநாள் தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையும் தான் கண்ட ஒரு சிறு விடயத்தைக் காகிதத் துண்டில் எழுதிப் பேணியில் இடுவதும், பாடசாலை விடுவதற்கு முன் ஆசிரியர் பெயர் சொல்லாமல் சிலவற்றை வாசிப்பதும் எமது ஏற்பாடு. ஜேர்மனியின் ஹாம்பர்க் நகரில் வறிய பிள்ளைகளைப் பராமரித்த யொஹான் விக்கேர்ன் என்னும் போதகர், அவர்கள் நத்தாருக்கான நாட்களை எண்ணுவதற்காக 1839இல் வண்டிச் சில்லொன்றில் மெழுகுதிரிகளைப் பொருத்தி நாளுக்கொன்றாக ஏற்றினார். எங்களுக்குப் பேணியும் காகிதமும் போதும் என்று நினைத்தோம்.

முதல் வாரத்துத் துண்டுகள் என்னை நெகிழச் செய்தன. எழுதிய பிள்ளைகளிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்த பின்னரே சிலவற்றை இங்கு தருகிறேன். கூரை ஒழுகிய இடத்தில் வைத்த சட்டியில் விழும் துளிகளைத் தம்பியுடன் எண்ணியதை ஒரு பிள்ளை எழுதியிருந்தது. கடல் கொந்தளித்ததால் தொழிலுக்குப் போகாத அப்பா தலை வாரிவிட்டதை இன்னொரு பிள்ளையும், கேக்குக்குக் கஜு வெட்டும்போது அம்மம்மா இரண்டு கஜுவை வாயில் போட்டுவிட்டதை வேறொரு பிள்ளையும் எழுதியிருந்தனர். விளக்கீட்டன்று சிட்டிகளுக்கு எண்ணெய் விட்டதை எழுதிய சைவப் பிள்ளையும் அதே பேணியில்தான் துண்டைப் போட்டது.

இரண்டாம் வாரத்தில் துண்டுகளின் கையெழுத்து மாறியது. பெரியவர்களின் எழுத்தில், கொழும்பில் வாங்கிய உடுப்புகளும் அவற்றின் விலையும், உணவகத்தில் கொண்டாடிய விருந்தும் வரத் தொடங்கின. உங்கள் பிள்ளையின் துண்டு சிறப்பாக அமைய வேண்டும் என்ற அன்பினாலேயே இவ்வாறு செய்தீர்கள் என்பதை நான் அறிவேன். ஆயினும் சென்ற வியாழக்கிழமை ஒரு துண்டில், "எங்கட வீட்டில எழுத ஒண்டும் இல்லை" என்று மட்டும் இருந்தது. அதற்கு முந்திய வாரம் முழுவதும் அழகாக எழுதிய பிள்ளை அது. அந்தத் துண்டை மறுபடி பேணிக்குள் இட எனக்கு மனம் வரவில்லை.

இன்னுமொன்றையும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளையை அழைத்துச் செல்ல வந்தவர் ஒருவர் பேணியைத் திறந்து, பிற பிள்ளைகளின் துண்டுகளைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்துள்ளார். ஒரு குடும்பத்தின் இல்லாமை அதனால் பலர் வாயில் அடிபட்டது. இதனை நான் ஒருபோதும் அனுமதிக்க மாட்டேன். இன்று முதல் ஆசிரியரைத் தவிர எவரும் பேணிகளைத் தொடக்கூடாது. வகுப்பறைக்குள் கைத்தொலைபேசியால் படமெடுக்கவும் கூடாது. பகிரப்பட்ட படங்களை உடனே அழித்துவிடுங்கள்.

நத்தாருக்கு முன்னரே விடுமுறை தொடங்குவதால், மிகுதி நாட்களுக்கான வெற்றுத் துண்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவோம். இரவுச் சாப்பாட்டின்போது "இண்டைக்கு என்ன கண்டனீ?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்த வேண்டாம். எழுதத் தெரியாத சிறுவர்கள் படம் வரையலாம்; ஒரு நாள் வெறுமையாக விடப்பட்டாலும் குறையில்லை.

இக்கடிதம் கிடைக்கு முன்பே இரு தாய்மார் என்னைச் சந்தித்து, தாமே எழுதிக் கொடுத்ததாகச் சொல்லி வருந்தினர். அவர்களுக்கும், வேலைக்களைப்பிலும் பிள்ளையின் கதைக்குக் காது கொடுக்கும் உங்கள் அனைவருக்கும் எனது மனமார்ந்த நன்றியையும் நத்தார் வாழ்த்துகளையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
அதிபர்