பதினோரு மாத ஒப்பந்தமும் பதிவு செய்ய வேண்டியதே

ஆசிரியருக்கு,

“பதினோரு மாத வாடகை ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு?” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழக வாடகைச் சட்டம் கால அளவைப் பார்ப்பதில்லை. எழுத்து ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிந்து, பதிவு எண் வாங்க வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு பீரோவில் பூட்டி வைத்தால், தகராறு வரும்போது இரு தரப்புக்குமே சிக்கல்.

அட்வான்ஸுக்கு வரம்பு மூன்று மாத வாடகை. ஆனால் ‘வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்’ என்று சட்டமே சந்து விட்டிருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் இன்றும் நடப்பது அதனால்தான். அந்த வாசகத்தை அரசு நீக்க வேண்டும்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி கழித்து அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். பெயின்ட் செலவுப் பிடித்தத்தில்தான் சண்டை மூளும். குடியேறும் நாளிலேயே சுவர், குழாய், மீட்டர் அளவைப் படமெடுத்து, ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

ஒரு வாசகர், சென்னை