கடற்கரையில் கிடைப்பதெல்லாம் புதைபடிவம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ விசித்திரமான எலும்பொன்று ஒதுங்கினால் மறுநாளே அது முகநூலில் ‘டைனோசர்’ ஆகிவிடுகிறது. திருகோணமலையில் அதற்கு இடமில்லை. நமது நிலத்தடிப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை; அவற்றில் புதைபடிவம் எஞ்சாது. இலங்கையின் புதைபடிவங்கள் வேறு மண்ணுக்குரியவை: யாழ்ப்பாணச் சுண்ணக்கல், புத்தளம் பக்கத்துத் தப்போவையின் ஜுராசிக் காலத் தாவர அச்சுகள், நீர்யானை, காண்டாமிருக எலும்புகள் கிடைத்த இரத்தினபுரிச் சரளை.

பலரை ஏமாற்றுவது நிறம். களப்புச் சேற்றில் கிடந்த மாட்டெலும்பு கூட இரும்புச் சேர்மங்களால் கறுத்துவிடும். கறுப்பு நிறம் பழமைக்குச் சான்றில்லை. முறிந்த பக்கத்தைப் பாருங்கள். எலும்பென்றால் வெளியே இறுகிய ஓடும் உள்ளே துளைத்துளையான பகுதியும் தெரியும். பவளத்தில் ஒரே மாதிரியான நட்சத்திரக் குழிகள் மேற்பரப்பெங்கும் இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் சுரண்டிய இடத்தில் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். பவளம் நுரைக்கும், எலும்பு பெரும்பாலும் நுரைக்காது. துளைகளில் சிப்பி மணல் ஒட்டியிருந்தால் எலும்பும் நுரைப்பதுபோலத் தெரியும் என்பதால் முதலில் நன்றாகக் கழுவ வேண்டும்.

நம் கரையில் அதிகம் குழப்புபவை சில. திமிங்கில எலும்பு அளவுக்கு ஏற்ற கனமில்லாமல், உள்ளே மச்சைக் குழியின்றிப் பஞ்சுபோல இருக்கும். எண்ணெய் வாடை நெடுநாள் போகாது. கடற்பன்றியின் (ஆவுளியாவின்) விலா இதற்கு நேரெதிர்: முழுக்க இறுகியது, கையில் எடுத்தாலே பாரம் தெரியும். ஆமை ஓட்டுத் துண்டின் விளிம்பு வாள்பல்லாக இருக்கும். திருக்கையின் பல்தட்டில் பட்டைகள் வரிசையாகச் சேர்ந்திருக்கும். சில பாரை மீன்களின் எலும்பு வீங்கி உருண்டு கூழாங்கல்லாகவே தோன்றும். மீன் வெட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. காட்டுப்பக்கம் கிடைக்கும் யானைக் கடைவாய்ப்பல் தேய்ந்து பிரிந்தால் தகடு தகடாகக் கழன்று, ஏதோ செதுக்கிய கல்லென்று எண்ண வைக்கும். யானை, ஆமை, கடற்பன்றி யாவும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எனவே வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு, 1992 என்ற இலக்கத்தில், சொல்லுங்கள்.

மனித எலும்பாக இருக்கலாம் என்று தோன்றினால் மேற்கண்ட சோதனை எதுவும் வேண்டாம். தொடாமல், தோண்டாமல் 119க்கு அழைத்து, நீதவானின் உத்தரவுக்கு விட்டுவிட வேண்டும். போரைக் கண்ட நம் மாவட்டத்தில் இதில் அலட்சியம் கூடாது. குழந்தையின் எலும்பில் முனைகள் இன்னும் ஒட்டாதிருப்பதால் அது விலங்கெலும்பாகத் தெரியக்கூடும்.

நிபுணருக்குப் படம் அனுப்புபவர்கள் பக்கத்தில் அடிமட்டம் வைத்து, ஆறு பக்கமும் எடுக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், சாய்வாக விழும் காலை வெயிலில் மேடுபள்ளம் தெளிவாகத் தெரியும். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதுங்கள். இடம் தெரியாத எலும்பின் மதிப்பு பாதி போய்விடும்.

அனுமதியோடு பள்ளிக்கூடக் காட்சிக்கு வைப்பதானால் குளோரினில் வெளுக்காதீர்கள்; எலும்பு பொடியாகிவிடும். கடலில் கிடந்ததை நன்னீரில் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். உப்பு உள்ளே தங்கினால் காயும்போது பளிங்காகி எலும்பை வெடிக்கச் செய்யும். உலர்த்துவது நிழலில் மட்டும், வார்னிஷ் பூசாமல்.

இப்படிக்கு,
வாசகர், திருகோணமலை