இரண்டாம் நிலை உதைபந்தாட்டப் போட்டியை வலய முறையில் நடத்தக் கோரும் மனு

பணிப்பாளர் நாயகம் அவர்கள்,
விளையாட்டு அபிவிருத்தித் திணைக்களம்,
கொழும்பு 07.

ஊடாக: அரசாங்க அதிபர் அவர்கள், மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

பொருள்: தேசிய இரண்டாம் நிலைப் போட்டியின் அமைப்பும் கிழக்கு மாகாணக் கழகங்களும்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உதைபந்தாட்டக் கழகங்களை நடத்துவோரும் பயிற்றுநர்களும் மத்தியஸ்தர்களும் சேர்ந்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். நாட்டின் இரண்டாம் நிலைப் போட்டி முதலில் நான்கு வலயங்களில் நடக்க வேண்டும். யார் மேலே போவார், யார் கீழே இறங்குவார் என்பது முதல் ஆட்டம் தொடங்குமுன் எழுத்தில் வெளிவர வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். மற்றவை இதற்கான விளக்கமே.

போட்டி விதிகளை எழுதுவது இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வேலை என்பதை அறிவோம். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்ட் வரை அப்படியே வைத்திருந்தது. வெளித்தலையீடு என்ற பேச்சு மறுபடி எழுவதை நாங்களும் விரும்பவில்லை. ஆகவே சம்மேளனத்துக்குக் கட்டளையிடுமாறு கேட்கவில்லை. வருடத் திட்டமும் நிதியும் பேசப்படும் மேசையில் இந்த அமைப்பை முன்வைக்குமாறும், மைதானம், நாட்காட்டி, மருத்துவ வசதி என உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பவற்றை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தித் தருமாறும் கேட்கிறோம்.

2021 இல் நாட்டின் முதல் நிலைப் போட்டியாக 10 கழகங்களுடன் சுப்பர் லீக் தொடங்கியபோது, அதுவரை உச்சத்தில் இருந்த சம்பியன்ஸ் லீக் இரண்டாம் நிலைக்கு வந்தது. அந்தப் பத்தில் கிழக்கு மாகாணக் கழகம் ஒன்றுகூட இல்லை. இங்கே ஆட்டக்காரர் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆட்டக்காரர் கொழும்புக் கழகங்களுக்கும் படையணிகளுக்கும் போய்விடுகிறார்கள். கழகம் இங்கேயே நின்றுவிடுகிறது. கழகமும் மேலே போகவேண்டுமானால் அதற்குள்ள ஒரே ஏணி இரண்டாம் நிலைப் போட்டிதான்.

ஒரே அட்டவணையில் 14 கழகங்கள், சொந்த மைதானத்தில் ஒன்று, எதிரணி மைதானத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கழகத்துக்கும் 26 ஆட்டம், அதில் 13 வெளியூர். கிழக்கிலிருந்து இரண்டு கழகங்கள் மட்டும் இருந்தால், எங்களுக்குப் பன்னிரண்டு பயணம் மாகாணத்துக்கு வெளியே. கொழும்புக்குப் போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். அணியில் 18 பேர், பயிற்றுநர், முகாமையாளர், முதலுதவியாளர் என்று ரோசா பஸ் நிறைந்துவிடும். வெள்ளி இரவு புறப்பட்டு ஞாயிறு விடிய வந்து சேர்வார்கள். ஆட்டக்காரரில் கடற்றொழிலுக்குப் போவோர், கடையில் நிற்போர், ஆசிரியர், மேசன் எல்லோரும் உண்டு. ஐந்தாவது பயணத்தில் பதினொருவரைச் சேர்ப்பதே பாடு. ஏழு பேருக்குக் குறைந்தால் விதிப்படி ஆட்டம் தொடங்காது. வோக்கோவர் கொடுத்து 3–0 தோல்வியை ஏற்க வேண்டியதுதான். பருவத்தின் பின்பாதியில் வரும் வோக்கோவர்களுக்குக் கழகங்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்வது எளிது. பெரும்பாலும் காரணம் டீசல் காசும் லீவும்தான்.

வலய முறையில் மேற்கு, தெற்கு–மத்தி, வடக்கு, கிழக்கு என நான்கு வலயங்கள், வலயத்துக்கு 6 கழகங்கள், மொத்தம் 24. வலயத்துக்குள் ஒவ்வொரு கழகமும் 10 ஆட்டம் ஆடும். ஐந்து சொந்த மைதானத்தில், ஐந்து வெளியில். மட்டக்களப்பிலிருந்து கல்முனை சுமார் 40 கிலோமீற்றர், திருகோணமலை சுமார் 135 கிலோமீற்றர். காலையில் புறப்பட்டு இரவு வீடு திரும்பலாம். ஐந்து கழகம் வைத்தாலும் பத்துச் சுற்றுத்தான், ஏனெனில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் சும்மா இருப்பார். ஏழு வைத்தால் சுற்று பதினான்காகிவிடும். அதனால்தான் ஆறு என்கிறோம்.

வலயத்தின் முதல் இரு கழகங்கள் இறுதிச் சுற்றுக்குப் போகும். எட்டுக் கழகங்கள், நான்கு நான்காக இரண்டு பிரிவு. ஒரே வலயத்தின் இரு கழகங்கள் ஒரே பிரிவில் வரக்கூடாது. அங்கும் சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று ஆறு ஆட்டம். ஆகவே மிகச் சிறந்த கழகத்துக்கும் நெடும்பயணம் மூன்றுதான். இறுதிச் சுற்று முழுவதையும் கொழும்பில் வைத்துவிட்டால் வலய முறையால் கிடைத்த நியாயம் பாதி போய்விடும். பிரிவில் முதலிடம் பெறும் இரு கழகங்கள் நேரடியாகச் சுப்பர் லீக்குக்குப் போகும். அங்கே 9ஆம், 10ஆம் இடத்தவர் இறங்குவர். மூன்றாவதாக ஏறும் இடத்துக்கு ஒரு தகுதிகாண் ஆட்டம் வைத்தால் கூட்டம் வரும் என்பது உண்மை. ஆனால் பத்துக் கழக லீக்கில் இரண்டு மாற்றமே போதுமானது.

‘இரண்டாம் இடத்தவர்களில் சிறந்தவர்’ என்ற விதி எந்தக் கட்டத்திலும் வேண்டாம். ஒரு வலயத்தில் ஒரு கழகம் இடையில் விலகினாலே வலயங்களுக்கிடையில் புள்ளியும் கோல் வித்தியாசமும் ஒப்பிடத் தகாதவையாகிவிடும்.

மேற்கு ஜேர்மனி 1974 இல் தன் இரண்டாம் நிலையை வடக்கு, தெற்கு என 20 கழகங்கள் கொண்ட இரு பிரிவாகத்தான் தொடங்கியது. கழகங்கள் பலப்பட்ட பின் 1981 இல் அவற்றை ஒன்றாக்கியது. வலயம் என்றால் தரக்குறைவு என்போருக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. மறுபுறம் இந்தியாவில் கோகுலம் கேரளா 2020–21, 2021–22 என இரு முறை தொடர்ந்து ஐ-லீக் வென்றும் மேலுள்ள இந்தியன் சுப்பர் லீக்குக்குப் போகமுடியவில்லை. 2022–23 இல் கதவு திறந்ததும் பஞ்சாப், அடுத்த பருவம் மொஹமடன் என்று கழகங்கள் ஏறின. வெல்பவருக்குப் பரிசாகக் கிண்ணம் மட்டும் என்றால் கழகம் எதற்காகக் கடன்பட்டு ஆட வேண்டும்?

வலய முறையில் உண்மையான சிக்கல் கீழே இறங்குவதில்தான் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறோம். சாதாரண வருடத்தில் வலயத்தின் கடைசிக் கழகம் இறங்கும், கீழுள்ள மாகாணப் போட்டியின் சம்பியன் ஏறும். ஆனால் சுப்பர் லீக்கிலிருந்து இறங்கும் இரண்டும் மேற்கு வலயத்தவை, ஏறும் இரண்டில் ஒன்று கிழக்கு, ஒன்று வடக்கு என்றால்? மேற்கில் எட்டு, கிழக்கில் ஐந்து, வடக்கில் ஐந்து ஆகிவிடும். அந்த நேரத்தில் கூட்டம் கூடி ஒருவரை வலயம் மாற்றுவதும், ‘இவ்வருடம் இறக்கம் இல்லை’ என்று அறிவிப்பதும்தான் அமைப்பைக் கெடுக்கும். விதி முன்கூட்டியே இப்படி இருக்கட்டும்: ஒரு வலயத்திலிருந்து இறங்குவோர் எண்ணிக்கை = 1 + மேலிருந்து அவ்வலயத்துக்கு வருவோர் − அவ்வலயத்திலிருந்து மேலே போவோர். மேலே சொன்ன உதாரணத்தில் மேற்கில் மூவர் இறங்குவர். கிழக்கிலும் வடக்கிலும் ஒருவரும் இறங்கார். மாகாணச் சம்பியன் எல்லா வலயத்திலும் ஏறுவார். கணக்கு எப்போதும் ஆறில் வந்து நிற்கும். ஒரே வலயத்தின் இரு கழகங்களும் ஏறிவிட்டால் விடை −1 வரும். அப்போது மாகாணப் போட்டியின் இரண்டாமிடத்தவரும் ஏறுவார்.

ஆறில் மூவர் இறங்குவது கடுமையானதே. இறக்கத்தை இரண்டாக மட்டுப்படுத்தி அந்த வலயத்தை ஒரு வருடம் ஏழாக வைத்திருக்கலாம் என்றும் பேசிப் பார்த்தோம். நான்கு சுற்று கூடுவதோடு அடுத்த வருடமும் அதே தலையிடி. கடுமையான விதியே மேல் என்று முடிவெடுத்தோம், அது முன்கூட்டித் தெரிந்திருந்தால். இன்னொன்று, சுப்பர் லீக் எப்படியும் இறுதிச் சுற்றுக்கு முன் முடிய வேண்டும். இல்லாவிட்டால் வலயத்தின் நான்காமிடக் கழகம் தான் எந்த நிலையில் இருக்கிறோம் என்று தெரியாமலே ஆட்டக்காரரை இழந்துகொண்டிருக்கும்.

நாட்காட்டி விடயத்தில் வலயத்துக்கு இன்னொரு பலம் உண்டு. எங்கள் பக்கம் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மாரி. பல மைதானங்களில் தண்ணீர் கட்டி நிற்கும். மேற்கிலும் தெற்கிலும் மே, ஜூன் மாதங்களில்தான் மழை. ஒரே அட்டவணை வைத்தால் யாராவது ஒருவர் சேற்றில் ஆடித்தான் தீரவேண்டும். வலயங்கள் தமக்கேற்ற மாதத்தில் ஆடி, எல்லாம் ஜூலை 31 க்குள் முடியட்டும். இறுதிச் சுற்று ஓகஸ்ட், செப்டெம்பரில். கிழக்கு வலயம் சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் தொடங்கினால், வரும் சில வருடங்களுக்கு நோன்பு மாதத்தோடும் முட்டாது. வெள்ளிக்கிழமை ஆட்டம் வேண்டாம். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் அது சரிவராது. ஆடி அமாவாசையன்று மட்டக்களப்பில் ஆட்டம் போடவே கூடாது; மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத் திருவிழா என்றால் பொலிஸும் அம்புலன்ஸும் அங்கேதான் நிற்கும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று எதிர்த்து அடிக்கும்போது கோல் கிக் பாதிவழியில் நின்றுவிடும்தான். அதற்கு அட்டவணையில் மருந்து இல்லை.

பி.ப. 3.30 க்குத் தொடங்கும் ஆட்டம் இடைவேளை, மேலதிக நிமிடங்கள் சேர்த்து 5.25 அளவில் முடியும். மின்விளக்கு இல்லாத மைதானத்தில் மேலதிக நேரமும் பெனால்டியும் வந்தால் இருட்டிவிடும். ஆகவே மாகாணத் தகுதிகாண் ஆட்டங்களில் சமநிலை என்றால் நேரே பெனால்டி என்று எழுத வேண்டும். பிரிவின் கடைசிச் சுற்று ஆட்டங்கள் எல்லா மைதானத்திலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா முதல் நாளே ஆடி முடித்திருக்க, மேற்கு ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் இருவரும் அடுத்த சுற்றுக்குப் போகப் போதுமான 1–0 என்ற கணக்கை வைத்துக்கொண்டு நேரம் போக்கிய கதை எல்லோருக்கும் தெரியும்.

புள்ளி சமமானால் முதலில் இரு கழகங்களும் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவு, பிறகே மொத்தக் கோல் வித்தியாசம். மறுவழியில் வைத்தால், கடைசி நாளில் மனம்விட்ட ஓர் அணிக்கு எதிராகப் பன்னிரண்டு கோல் போட்டவர் ஏறிவிடுவார். இடையில் விலகும் கழகம் பாதிக்குக் குறைவான ஆட்டங்களே ஆடியிருந்தால் அதன் முடிவுகள் எல்லாம் நீக்கப்படட்டும். பாதிக்கு மேல் என்றால் மீதி ஆட்டங்கள் எதிரணிக்கு 3–0. வலயச் சுற்றின் மஞ்சள் அட்டைகள் இறுதிச் சுற்றுக்கு வராமல் அழியலாம். சிவப்பு அட்டைத் தடை தொடர வேண்டும்.

மைதானங்கள் பற்றி. மட்டக்களப்பில் வெபர் மைதானமும் கல்முனையில் சந்தாங்கேணியும் இருக்க, மற்றப் பல பொது மைதானங்களின் நிலை வேறு. நடுவில் கிரிக்கெட்டுக்குப் போட்ட சீமெந்துத் தளம், பாய் விரிக்க அடித்த ஆணி; முழங்கால் போவது அங்கேதான். தளத்தை அகற்ற முடியாத இடத்தில் அந்த மைதானத்தை இரண்டாம் நிலைக்குத் தெரிவுசெய்யாதிருப்பதே நல்லது. கோல் வாயில் மண் தேய்ந்து பள்ளமானால் குறுக்குச் சட்டத்தின் உயரம் 2.44 மீற்றரைத் தாண்டிவிடும். ஆட்டத்துக்கு முன் நாடா பிடித்து அளந்து மண் போட வேண்டும். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம்; வியர்வையில் பட்டால் தோல் வெந்துவிடும். தண்ணீர் கலந்த வெள்ளை எமல்ஷன் போதும்.

எனவே தங்களிடம் நாங்கள் வேண்டுவது:

1. மேற்கண்ட அமைப்பைச் சம்மேளனத்துடனான அடுத்த திட்டக் கூட்டத்தில் முன்வைத்து, விதிகளும் இறக்கக் கணக்கும் பருவம் தொடங்க 60 நாட்களுக்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் வெளிவரச் செய்தல்.

2. மாவட்டத்துக்கு இரு மைதானங்களை ஏப்ரல் கடைசி முதல் செப்டெம்பர் வரை சனி, ஞாயிறு பி.ப. 2 மணி தொடக்கம் ஒதுக்குமாறு உள்ளூராட்சி மன்றங்களுக்கு எழுதுதல். இப்போது வாய்மொழி அனுமதி. காலையில் ஒரு கூட்டம் அல்லது கண்காட்சி வந்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

3. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஊடாக ஆட்டத்துக்கு ஒரு முதலுதவிக் குழு. 1990 எண்ணில் அழைக்கும் அவசர அம்புலன்ஸை மைதானத்தில் நிறுத்தி வைக்க முடியாது. அது அழைப்புக்கு ஓட வேண்டியது.

4. மத்தியஸ்தர் பயிற்சி நெறி ஒன்றைக் கிழக்கிலேயே நடத்துதல். சுற்றுக்கு மூன்று ஆட்டம், ஆட்டத்துக்கு நால்வர் என்றால் 12 பேர் தேவை. மத்தியஸ்தர்கள் அந்த ஆட்டத்தில் மோதும் கழகங்களின் மாவட்டத்தவராக இருக்கக்கூடாது. கொடுப்பனவும் கழகத்தின் கையிலிருந்து போகக்கூடாது.

5. இறுதிச் சுற்றின் நெடும்பயணங்களுக்கு மட்டும் பஸ் கட்டணத்தில் பாதி. வலயச் சுற்றின் செலவைக் கழகங்களே பார்த்துக்கொள்ளும்.

கிழக்கு வலயத்துக்கான 10 சுற்று மாதிரி அட்டவணையும், இறக்கக் கணக்கின் எல்லாச் சாத்தியங்களையும் காட்டும் ஒரு பக்க விளக்கமும் இணைத்துள்ளோம். இதுபற்றிப் பேச மட்டக்களப்பு மாவட்டச் செயலகத்தில் ஒரு திகதி தந்தால் இரு மாவட்டங்களிலிருந்தும் வந்து விளக்கத் தயாராக உள்ளோம்.

இங்ஙனம்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட உதைபந்தாட்டக் கழகங்களின் நிர்வாகிகள், பயிற்றுநர்கள், மத்தியஸ்தர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பிரதிகள்:
அரசாங்க அதிபர், அம்பாறை
மாகாணப் பணிப்பாளர், விளையாட்டுத் திணைக்களம், கிழக்கு மாகாணம்
இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனம் (தகவலுக்காக)