பாலன் குடில் கட்டியாச்சு

அன்பின் பிள்ளைக்கு,

நாங்கள் சுகம். ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டதென்று செய்தியில் பார்த்தேன், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. காலையில் சாப்பிடாமல் வெளிக்கிடாதே. உன் வேலை நிரந்தரமானதைச் சின்னம்மா சொல்லித்தான் அறிந்தேன். மீன் வாங்கப்போன இடத்தில் நாலு பேருக்குச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் அதை நீ ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நேற்று நத்தாருக்குக் குடில் கட்டினேன். சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கிப் பச்சை அடித்த மலை, பனையோலைக் கூரை, வைக்கோல், எல்லாம் வழக்கம்போலத்தான். வெள்ளைப்போளம் கொண்டுவரும் இராசாவின் கழுத்தில் நீ ஏழு வயதில் ஒட்டின பசை மஞ்சளாகிக் கிடக்கிறது. பொன்னும் சாம்பிராணியும் சரி, செத்தவர்களுக்குப் பூசுவதைப் பிறந்த பிள்ளைக்கு ஏன் கொடுத்தார்கள் என்று அப்போது கேட்டாய். பேசாமல் இரு என்றேன். யேசுவை அடக்கம் பண்ண நிக்கதேம் நூறு இறாத்தல் வாசனைக் கலவை கொண்டுவந்தாரே, அதிலும் இந்தப் போளம்தான் கலந்திருந்தது, அவருடைய சாவை அன்றைக்கே காட்டத்தான் இராசா அதைக் கொண்டுவருகிறார் என்று சொல்லியிருக்கலாம். உன் கேள்விகளுக்கு நான் எப்போதுமே பொறுமையாக இருந்ததில்லை.

தொட்டிக்கு இரண்டு பக்கமும் மாட்டையும் கழுதையையும் வைத்தேன். பிறப்பைச் சொல்கிற மத்தேயுவிலும் லூக்காவிலும் அவை இல்லை, தெரியுமா? பழைய ஏற்பாட்டு எசாயாவிலிருந்து வந்தவை. மாடு தன் சொந்தக்காரனை அறியும், கழுதை தன் எசமானின் தீவனத்தொட்டியை அறியும், என் சனம்தான் அறியாது என்று கடவுள் அங்கே மனம் நொந்து சொல்கிறார். 1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் கிரேச்சியோ என்ற ஊரில் குடில் வைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையுமே கொண்டுவந்து நிறுத்தினாராம்.

சத்திரக்காரனும் பைபிளில் இல்லை. இடம் கிடைக்கவில்லை என்று ஒரு வரியோடு லூக்கா விட்டுவிடுகிறார், கதவைச் சாத்துகிற ஆளை நாங்கள்தான் நாடகத்துக்கு உண்டாக்கினோம். இளந்தாரியாக இருந்தபோது மூன்று வருஷம் கோயில் நாடகத்தில் அந்த வேஷம் எனக்குத்தான், என் குரலுக்குப் பொருத்தம் என்பார்கள்.

சித்திரையில் நீ போன் எடுத்தபோது அந்தக் குரலில்தான் பேசினேன். அவர்கள் என்ன ஆட்கள், எந்தக் கோயில் என்று கேட்டேனே தவிர, பிள்ளை, நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்கவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் இந்த வீட்டில் இடமில்லை என்றேன். அம்மா பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்து இழுத்தா. பிழை என்னில்தான். எட்டு மாசமாக இதை எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன்.

முன்னறை மூட்டைகளை எடுத்துவிட்டு வெள்ளையடித்திருக்கிறேன். அம்மா பயற்றம் பணியாரம் இரண்டு பேருக்கென்று பார்சல் கட்டுகிறா, அந்தத் தம்பிக்கு உறைப்பு முறுக்குப் பிடிக்குமா என்று கேட்கச் சொன்னா. காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ.

சாமப்பூசை முடிந்து வந்து பாலன் சுரூபத்தை வைக்க இரண்டு மணியாகும், உனக்கு அங்கே பின்னேரம் மூன்றரை. நீதானே வைக்கிறனி. வேலை இல்லையென்றால் வீடியோவில் எடு, தம்பியையும் பக்கத்தில் இருக்கச் சொல்.

அப்பா