ஜெர்மனியிலிருந்து அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். அனைவரின் நலமறிய ஆவல். இந்த நாட்டு மக்களுக்குச் சுற்றுச்சூழல் மீது இயல்பிலேயே அக்கறை அதிகமா என்று கேட்டிருந்தீர்கள். ஏசி பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்த பிறகு, அந்த அக்கறையின் பெரும்பகுதி அவரவர் பார்க்கும் வேலையிலிருந்தே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய ஸ்ப்ளிட் ஏசியைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிட இங்கே சட்டத்தில் இடமில்லை. ரெக்கவரி மெஷினை மாட்டி, உள்ளே இருப்பதைத் தனிச் சிலிண்டரில் இழுத்து, அந்தச் சிலிண்டரைத் தராசில் வைத்து, எத்தனை கிராம் வந்தது என்று எழுதிய பிறகுதான் அடுத்த வேலை. பல ஏசிகளில் குளிரூட்டப் பயன்படும் ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ வெளியேறினால், 100 ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெற்றவர்கள்தாம் இதைக் கையாளலாம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நாள்தோறும் எடைபோடுகிறவனுக்கு அது வெறும் காற்றாகத் தெரிவதில்லை. எங்கள் குழுவினர் தம் வீட்டுப் பழைய குளிர்சாதனப் பெட்டியைக்கூட முறையாகச் சேகரிப்பு மையத்தில்தான் ஒப்படைக்கிறார்கள். அதே ஆட்கள், சிலிண்டரையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற முடியாததால், நாள் முழுவதும் டீசல் வேனில்தான் சுற்றுகிறார்கள்.

மருத்துவமனையில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுச் செவிலியரின் நிலை வேறு. தொற்றுக்கு அஞ்சி ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறையை மாற்றி எறிந்தே ஆகவேண்டும். அவர் எவ்வளவு வருந்தினாலும் அதைக் குறைப்பது அவர் கையில் இல்லை. ஆனால் அறுவை அரங்கில் எந்த மயக்க வாயுவைத் தேர்ந்தெடுப்பது என்பது மயக்கவியல் மருத்துவரின் கையில் இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் கரியமில வாயுவைவிட 2,000 மடங்குக்கும் மேல் சூடாக்கும் டெஸ்ஃப்ளுரேன் என்ற மயக்க வாயுவை, வேறு வழியில்லாத மருத்துவத் தேவைக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஒரே கட்டடத்தில் வேலை செய்யும் இருவரில், முடிவெடுக்கும் உரிமை உள்ளவரால்தான் பெரிய மாற்றம் செய்ய முடிகிறது. இதைப் பார்த்த பிறகு, குப்பை அதிகம் போடுகிறவரை அக்கறையற்றவர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவருடைய வேலை என்ன, அதில் அவருக்கு என்ன உரிமை என்றுதான் முதலில் கேட்கிறேன்.

உங்கள் மகனை ஏசி மெக்கானிக் படிப்பில் சேர்க்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். பணம் கட்டுவதற்கு முன், ரெக்கவரி மெஷினும் தராசும் வைத்துப் பயிற்சி தருகிறார்களா, அல்லது கேஸைத் திறந்துவிட்டுத்தான் கற்றுக்கொடுக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி