ஆறரை அங்குல இடத்துக்குள் ஒரு போர்வை: நன்றி மடல்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

அத்தையின் பழைய சுங்குடிச் சேலைகளில் நான் தைத்த போர்வை போன வாரம் முடிந்தது. 60 அங்குல அகலம், 80 அங்குல நீளம். என்னிடம் இருப்பதோ ரவிக்கை தைக்கிற சின்ன மெஷின். ஊசிக்கும் அதன் தூணுக்கும் நடுவே ஆறரை அங்குலம்தான். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றும் ஒன்றாய் நிற்க அவற்றின் மேலே கோலம்போல் தையல் ஓட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்துச் சுருட்டி நுழைத்தால் கை அசைக்க இடமிருக்காது.

முதல் நன்றி காந்திபுரத்து அக்ரிலிக் கடைத் தம்பிக்கு. தையல் கோணாமல் இருக்க வீட்டிலிருந்த மெல்லிய ஸ்கேலை அணைவாக வைத்து ஓட்டியதில் அது ஃபுட்டுக்கு, அதாவது ஊசியைச் சுற்றித் துணியை அழுத்தும் பாதத்துக்கு அடியில் நழுவி, ஊசி உடைந்துவிட்டது. அதைச் சொல்லி, எனக்கு வேண்டிய ரூலர்களின் வடிவத்தை அலை, இலை, கால்வட்டம் என்று காகிதத்தில் வரைந்து நீட்டினேன். "அப்ப 6 மில்லிமீட்டர் கனத்துல போட்டுக்கலாங்க்கா" என்று வெட்டி, ஓரங்களை வழவழவென்று தீட்டிக் கொடுத்தார். முதலில் வெட்டிய 10 அங்குல ரூலர் சுருட்டிய துணிக்குப் பக்கத்தில் திரும்பவே இல்லை. மறுபடி 5 அங்குலத்தில் வெட்டித் தந்தவர், கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தச் சின்ன ரூலர்தான் கடைசிவரை உழைத்தது.

மெக்கானிக் அண்ணே, ஃபுட் மாட்டும் தண்டின் உயரத்தை அளந்து, அதற்கேற்ற, ரூலரின் ஓரத்தை ஒட்டி ஓடும் வட்ட ஃபுட்டைத் தேடிப் பிடித்தீர்கள். அரை அங்குல வட்டம் என்பதால் தையல் ரூலரிலிருந்து கால் அங்குலம் தள்ளித்தான் விழும் என்று புரியவைத்தீர்கள். துணி தள்ளும் பல்லை இறக்கிவிட்டால் தையலின் நீளம் முழுக்க என் கையில்தானே? ஒரு மணி நேரம் பழைய துணியில் ஓட்டவிட்டு, "பெடலை ஒரே சீரா அழுத்துங்கம்மா, கையை அவசரப்படுத்தாதீங்க" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை மறக்க மாட்டேன்.

மேஜையில் மெஷின் அளவுக்குப் பள்ளம் எடுத்துத் தந்த ஆசாரிக்கும் நன்றி. போர்வையின் கனம் கீழே இழுக்காமல் நின்ற பிறகுதான் வளைவுகள் வளைவாக வந்தன.

அப்புறம், மாடி வீட்டு அக்கா. மூன்று பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து வெளியே தைத்து, பிறகு இணைக்கச் சொன்னது நீங்கள். ரூலர் வழுக்காமல் இருக்க அடியில் உப்புத்தாள் ஒட்டியதும் உங்கள் யோசனைதான்.

போர்வையை மடியில் விரித்ததும் அத்தை மாம்பழ நிறத் துண்டைத் தடவி, "இது உன் வீட்டுக்காரன் பொறந்தப்ப எடுத்தது" என்றார்.

ரூலர்கள் என் வீட்டில்தான் இருக்கின்றன. தைக்கப் போகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.